மறைக்கப்பட்ட நஞ்சும் மறைக்கப்படாத மருந்தும்

புற்றுநோயைக் குணப்படுத்தும் எளிய மருந்து எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றும், பெரும் மருந்து நிறுவனங்கள் தங்கள் வருமானம் போய்விடுமென்று அஞ்சி அதை உலகின் கண்ணில் படாமல் பூட்டி வைத்திருக்கின்றன என்றும் சொல்லும் செய்திகள், மலேசியாவின் ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கைப்பேசிகளுக்கு வந்து சேர்வது இன்று வழக்கமாகிவிட்டது. சில செய்திகளில் அந்த மருந்து, மலாய் மொழியில் டுரியான் பெலாண்டா எனப்படும் முள்சீத்தா மரத்தின் இலையாக இருக்கிறது. சிலவற்றில் பெலாலாய் காஜா என்னும் செடியின் சாறாகவும், வேறு சிலவற்றில் பழக்கொட்டையின் உள்ளே இருக்கும் கசப்புப் பருப்பாகவும் இருக்கிறது. இதை நம்பி, மார்பில் தட்டுப்பட்ட கட்டியோடு மாதக்கணக்கில் இலைக் கஷாயம் குடித்துவிட்டு, நோய் எலும்பு வரை பரவிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இதைப் பொழுதுபோக்குப் பேச்சென்று விட்டுவிட முடியாது. படிக்காதவர்களின் அறியாமை என்று ஒதுக்குவதும் நியாயமன்று. ஏனெனில் நிறுவனங்களும் அதிகாரத்தில் இருப்பவர்களும் உண்மையை மறைப்பார்கள் என்று ஈப்போ அமைந்துள்ள பேராக் மாநிலத்தில் வாழும் ஒருவர் சந்தேகிப்பதற்கு இந்த மண்ணிலேயே வலுவான காரணங்கள் இருந்திருக்கின்றன. அந்தக் காரணங்களை முதலில் எடுத்துப் பார்த்தால்தான், மறைத்தல் என்பது நடைமுறையில் எப்படி நிகழ்கிறது, எப்படி வெளிப்படுகிறது என்பது விளங்கும். மறைக்கப்பட்ட புற்றுநோய் மருந்து என்ற கதையை எதைக்கொண்டு அளப்பது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில், ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் முக்கியப் பங்குதாரராக இருந்த ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலில் கிடைக்கும் கனிமங்களிலிருந்து அருமண் தனிமங்களை, அதாவது மின்னணுப் பொருள்களுக்குத் தேவைப்படும் அரிய உலோகங்களைப் பிரித்தெடுப்பது அதன் தொழில்; அவ்வாறு பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கழிவில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. அந்தக் கழிவை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை காணப்படாமலேயே உற்பத்தி நடந்தது. அருகிலுள்ள பாப்பானில் கழிவுக் கிடங்கு கட்டும் திட்டத்தை எதிர்த்து 1984இல் மக்கள் தெருவுக்கு வந்தனர். ஜப்பானியக் கதிரியக்க ஆய்வாளர் சதாவோ இச்சிகாவா நேரில் வந்து கருவிகொண்டு அளந்து, தொழிற்சாலையைச் சுற்றிக் கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிகுந்திருப்பதைக் காட்டினார். 1985இல் குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஆண்டுக்கணக்கில் இழுத்த அந்த வழக்கின் இடையே, 1987ஆம் ஆண்டின் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் போராட்டக்காரர்கள் சிலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறைவைக்கப்பட்டனர். 1992ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் உயர்நீதிமன்றம் தொழிற்சாலையை நிறுத்த ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994 ஜனவரியில் நிறுவனமே கதவை மூடிக்கொண்டது. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில் எட்டுப் பேருக்கு இரத்தப்புற்றுநோய் கண்டதாகவும், அவர்களில் எழுவர் இறந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. அந்நோய்க்குத் தொழிற்சாலையே காரணம் என்பதை நிறுவனம் ஒருபோதும் ஏற்கவில்லை, மேல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பின்னாளில் ஏறத்தாழ பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவில் அந்த இடத்தைத் தூய்மைப்படுத்தி, கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்க நேர்ந்தது என்பதே, மக்களின் அச்சம் கற்பனையன்று என்பதற்குப் போதுமான சான்று.

தோட்டப்புறத்தின் கதை இன்னும் நெருக்கமானது. ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்ட தோட்டங்களில், களைக்கொல்லியை முதுகில் சுமந்து மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் தலையில் விழுந்தது. அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட், சிறிதளவு விழுங்கினாலும் நுரையீரலை அழித்துக் கொல்லக்கூடியது, முறிவு மருந்து இல்லாதது. நகம் பெயர்தல், மூக்கில் இரத்தம் வடிதல், தோல் புண்ணாதல், பார்வை மங்குதல் என்று அப்பெண்கள் சொன்ன துன்பங்களைத் மகளிர், தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தா திரட்டி 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தது. உற்பத்தியாளர்களும் தோட்ட முதலாளிகளும் எதிர்த்து வாதாட, 2006இல் அந்த முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். தடை வேண்டுமென்று முடிவுசெய்த பிறகும் பதினேழு ஆண்டுகள் அந்த நஞ்சு பெண்களின் முதுகிலேயே இருந்தது. இப்படிப்பட்ட வரலாற்றைச் சுமக்கும் ஒரு சமுதாயத்திடம் 'நிறுவனங்களை நம்புங்கள்' என்று மட்டும் சொல்வது, பட்ட அனுபவத்தை மறக்கச் சொல்வதாகும்.

இவ்விரு நிகழ்வுகளிலும் மறைக்கப்பட்டதும் தாமதிக்கப்பட்டதும் தீங்கு பற்றிய உண்மையே. உலக மருந்துத் தொழிலின் பெரிய குற்றங்களும் இதே திசையில்தான் நடந்திருக்கின்றன. மூட்டுவலிக்கு விற்கப்பட்ட வையாக்ஸ் மாத்திரை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதற்கான அறிகுறிகள் பல ஆண்டுகள் குறைத்துக் காட்டப்பட்டு, 2004இல்தான் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இலாபம் தேடும் நிறுவனத்துக்குத் தன் சரக்கின் கெடுதியை மறைப்பதில் ஆதாயம் உண்டு. உயிர்காக்கும் மருந்தை விற்காமல் பெட்டிக்குள் வைப்பதில் ஆதாயம் இல்லை. மறைப்பு எங்கே நடந்தாலும் அது தடயம் விடுகிறது என்பதும் இவற்றிலிருந்து தெரிகிறது. புக்கிட் மேராவில் அளவீடுகள் இருந்தன, மருத்துவர்கள் பரிசோதித்த குழந்தைகள் இருந்தார்கள், 65 நாள் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட சாட்சியம் இருந்தது; சிறைக்கு அஞ்சாமல் சொல்ல ஆள் இருந்ததோடு, சொன்னதைப் பிறர் சோதித்துப் பார்க்கவும் வழி இருந்தது. மறைக்கப்பட்ட புற்றுநோய் மருந்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் அந்த மாதிரியான தடயத்தை, அதாவது திசுச் சோதனையில் புற்றுநோய் என்று உறுதிசெய்யப்பட்டு, வேறு சிகிச்சை எதுவும் பெறாமல், அந்த மருந்தால் மட்டும் குணமடைந்து, ஆண்டுகள் கடந்தும் நலமாயிருப்பதற்கான பதிவுகளோடு கூடிய நோயாளிகளின் வரிசையைக் கேட்டால், கிடைப்பது யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் சொன்ன கதையாகவே இருக்கிறது.

காசு பெறாத செடியை நிறுவனங்கள் அடக்கிவிடும் என்ற வாதத்துக்கு நேரான மறுமொழி தோட்டத்து லயங்களின் ஓரத்திலேயே பூத்துக்கொண்டிருந்தது. நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்றெல்லாம் வழங்கப்படும் அந்த ஊதாப் பூச்செடியின் தாயகம் மடகாஸ்கர். பல நாடுகளில் அதன் இலைச்சாறு நீரிழிவுக்கு நாட்டு மருந்தாகக் கொடுக்கப்பட்டுவந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளை 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் ஆராய்ந்தபோது, அது சர்க்கரையைக் குறைக்கவில்லை, இரத்தத்தின் வெள்ளையணுக்களைக் குறைத்தது. வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தான் இரத்தப்புற்றுநோய் என்பதால் அந்தத் தோல்வியிலேயே ஒரு திறப்பு தெரிந்தது. அவரும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். எலி லில்லி நிறுவனம் அதே செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குப் பெருமளவு உலர்ந்த இலை தேவைப்பட்டபோதும் அந்நிறுவனம் பின்வாங்கவில்லை. அக்காலத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்த கடும் நிணநீர்வகை இரத்தப்புற்றுநோயிலிருந்து, வின்கிறிஸ்டினும் வேறு சில மருந்துகளும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையால், வசதியான மருத்துவமனைகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். ஏழை நாட்டுச் செடி அடக்கப்படவில்லை, பயன்படுத்தப்பட்டது. மடகாஸ்கருக்கு அதன் வருமானத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பதே அந்த வரலாற்றில் உள்ள உண்மையான அநீதி, அந்த அநீதியைப் பேச வேண்டியது அவசியமும்கூட. அதே செடியின் இலையை வீட்டில் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று எண்ணுவதோ ஆபத்தான தவறு. அதிலுள்ள, நரம்புகளையும் எலும்பு மச்சையையும் தாக்கும் கடும் நஞ்சுகளின் அளவைக் கைப்பிடி இலை காட்டிக்கொடுக்காது.

காப்புரிமை, அதாவது ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம் தனியொருவர் மட்டும் விற்பதற்கான சட்ட உரிமை, கிடைக்காத பொருளை எவரும் ஆராயமாட்டார்கள் என்பதும் கதையின் ஒரு தூண். அது ஓரளவு மெய்யே. மலிவுப் பொருள்களைச் சோதிக்கப் பணம் திரட்டுவது கடினம். ஆனால் கடினம் என்பதும் மறைப்பு என்பதும் ஒன்றல்ல. ஆர்செனிக் என்னும் பழம்பெரும் பாஷாணத்தைச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் நாட்டு வைத்தியக் குறிப்பிலிருந்து எடுத்து 1970களில் சோதிக்கத் தொடங்கினர். 2000இல் அமெரிக்காவும் அதை ஏற்றது. முன்பு சில நாள்களிலேயே உயிரைப் பறித்த ஒருவகை இரத்தப்புற்றுநோயில், அபாயம் மிகுந்த நிலையில் வராதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதன் துணையால் இன்று குணமடைகிறார்கள். மலேசிய இந்தியர்களில் நீரிழிவுள்ளோர் வீடுகளில் பரவலாக இருக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை மார்பகப் புற்றுநோய் திரும்புவதைத் தடுக்கும் என்று பெரிதும் நம்பப்பட்டது. 3,649 பேரிடம், பாதிப் பேருக்கு மெய்மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானபோது, நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லையென்று தெரிந்தது. மாறாக, சில காசுகளுக்குக் கிடைக்கும் ஆஸ்பிரின், குறிப்பிட்ட மரபணு மாற்றம் உடைய குடற்புற்றுநோய் அறுவைக்குப் பின் திரும்பும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று வட ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வு 2025இல் காட்டியது. இரண்டு மருந்துகளும் காப்புரிமை தீர்ந்தவை, இரண்டு முடிவுகளும் உலகின் முதன்மையான மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக வந்தவை.

மலேசிய மண்ணிலேயே நடந்த ஒரு முயற்சியும் நினைவுகூரத் தக்கது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காக 1987இல் சரவாக் காட்டில் திரட்டப்பட்ட பிந்தாங்கோர் மரத்தின் மாதிரியில், எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் கலனோலைடு என்னும் பொருள் கண்டறியப்பட்டது. மீண்டும் மாதிரி தேடிப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. சரவாக் அரசு 1996இல் தானே பங்குதாரராகி ஒரு நிறுவனத்தை அமைத்து அதை மருந்தாக்க முனைந்தது. தொடக்கநிலை மனிதச் சோதனைகள் வரை சென்ற அப்பொருள், கடைக்கு வரும் மருந்தாகவில்லை. ஓர் அரசே முதலாளியாக இருந்து விற்கத் துடித்த மருந்தும் பாதி வழியில் நிற்கக்கூடும். மனிதச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளிலும் நூற்றில் ஐந்தைச் சுற்றியே இறுதி அனுமதி பெறுகின்றன. நம்பிக்கையூட்டிய மருந்து ஒன்று காணாமற்போனால், அதற்குப் பின்னே பெரும்பாலும் இருப்பது இந்தச் சலிப்பூட்டும் காரணந்தான்.

முள்சீத்தாவின் நிலையும் இதுவே. வேதிச்சிகிச்சையைவிட அது பத்தாயிரம் மடங்கு வலியது என்று சொல்லப்படும் எண், அதன் ஒரு தனிப்பொருளை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த ஒருவகைப் புற்றுயிரணுக்களின்மீது ஊற்றி, ஒரு பழைய மருந்தோடு ஒப்பிட்டதிலிருந்து பெருகி வந்தது. தட்டில் இருக்கும் உயிரணுவைச் சலவைத்தூளும் கொல்லும். மனித உடலில் குடலைக் கடந்து, ஈரலில் சிதையாமல், நல்ல உயிரணுக்களை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எட்டுகிறதா என்பதே கேள்வி, அதற்கு முள்சீத்தாவிடம் இன்னும் விடையில்லை. கரீபியத் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைநீரையும் நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நடுக்குவாத வகையொன்று மிகுந்திருப்பதாக 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள் என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. கசப்புப் பருப்பிலிருந்து வந்த லேட்ரைல், மக்களின் வற்புறுத்தலுக்கு இணங்க அமெரிக்காவில் முறையாகவே சோதிக்கப்பட்டது. மேயோ மருத்துவமனையின் தலைமையில் 178 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1982இல் வெளியானபோது, கட்டிகள் சுருங்கவில்லை, சிலரது இரத்தத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருந்தது.

மலேசியாவில் சட்டமே வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறது என்பது விற்பனையாளர்கள் கடைசியாக எடுக்கும் வாதம். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், புற்றுநோய் உட்பட இருபது நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடை நாட்டு மருந்துக்காரரை மட்டும் குறிவைத்ததன்று. பன்னாட்டு நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்துகிறது, ஆராய்ச்சியை அது தடுக்கவில்லை. சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கிய இந்திய மரபு மருத்துவத்தை 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைமருத்துவச் சட்டம் முறையாக ஏற்றிருக்கிறது. அதற்கும் முன்பே, 2007இல், பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு மூலிகைத் துணைச்சிகிச்சையும் வழங்கத் தொடங்கினார்கள். மூலிகையை அடக்க நினைக்கும் அமைச்சு அதைத் தன் மருத்துவமனைக்குள் அழைத்துவராது. துணையாக நிற்கும் மருந்து முழுச் சிகிச்சையின் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது என்ன நேர்கிறது என்பதையும் எண்கள் சொல்கின்றன: குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்த 281 அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், அவர்களின் இறப்பு அபாயம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்காகவும், மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வும், மாற்று மருத்துவப் பயன்பாடு நோயைக் கண்டறிவதில் தாமதத்தோடு சேர்ந்தே வருவதைக் காட்டியது.

மருந்து எட்டாமற்போவது வேறு வழிகளில் நிகழ்கிறது, கோபம் அங்கேதான் திரும்ப வேண்டும். நாள்பட்ட மச்சைவகை இரத்தப்புற்றுநோயை மாத்திரையாலேயே அடக்கும் இமாட்டினிப் 2001இல் வந்தபோது உலகமே அறிந்தது. ஆனால் இந்தியாவில் நோவார்ட்டிஸ் அதற்கு மாதம் ஒன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் விலை வைத்தது, உள்நாட்டு நிறுவனங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்தன. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்த உரிமையைக் கேட்டு நிறுவனம் நடத்திய வழக்கு, 2013 ஏப்ரல் முதல் நாளில் இந்திய உச்சநீதிமன்றத்தில் தோற்றது. ஈரல் புற்றுநோய்க்கு வழிவிடும் ஹெப்பட்டைட்டிஸ் சி கிருமியைத் தீர்க்கும் சோஃபோஸ்புவிர், அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விற்கப்பட்டபோது, மலேசிய அரசு 2017இல் காப்புரிமையை மீறும் தன் சட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி மலிவான மாற்றை வரவழைத்தது. இவை இரண்டும் மக்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற வெற்றிகள். குழந்தைகளுக்கு 1989 முதல் போடப்படும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியும், பதின்மூன்று வயதுப் பெண்களுக்குப் பள்ளியிலேயே 2010 முதல் போடப்படும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியும் இலவசம். புற்றுநோய் வராமலேயே தடுக்கும் மருந்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே குணப்படுத்தும் மருந்தை ஒளித்துவைக்கும் அரசு ஒன்றைக் கற்பனை செய்வது எளிதன்று.

பேராக்கைப் பொறுத்தவரை விலையோடு தூரமும் சேர்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை ஒருநாளில் முடிவதன்று, வாரம் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் தொடர்வது. இம்மாநிலத்தின் அரசு மருத்துவமனை நோயாளிகள் அதற்காக நெடுங்காலம் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போக வேண்டியிருந்தது. சுங்கை சிப்புட்டிலோ பாகான் செராயிலோ நாள்கூலிக்கு உழைக்கும் ஒருவர், துணைக்கு வரும் ஆளின் கூலியையும் இழந்து, தங்க இடமும் தேடி அதை முடிப்பது எத்தனை அரிது என்பதை எண்ணினால், பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும் இலையின் மேல் மனம் சாய்வதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று என்பது தெரியும். 2012 முதல் 2016 வரை மலேசியாவில் பதிவான 115,238 புதிய புற்றுநோய்களில் 63.7 விழுக்காடு மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டன. மார்பகப் புற்றுநோயை முதல் நிலையில் கண்டால் ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் 87.5 விழுக்காடு, நான்காம் நிலையில் 23.3 விழுக்காடு. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள உயிர்களைக் காக்கும் மருந்து ஏற்கெனவே மருத்துவமனை அலமாரியில் இருக்கிறது.

தோட்டத்துத் தமிழர்களை அதிகம் தாக்கும் ஒரு புற்றுநோயும் உண்டு. வாய்ப்புற்றுநோய் மலேசியாவில் இந்தியர்களிடையே மிகுதி, அதன் முதற்காரணம் புகையிலை சேர்த்து மெல்லும் வெற்றிலைப் பாக்கு. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் உறுதிசெய்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படரும் திட்டையும், மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணையும் பல் மருத்துவர் ஒருவர் கண்ணால் பார்த்தே சந்தேகித்துவிட முடியும், தொடக்கத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். இதற்காகவே சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு 1997 முதல் அபாயம் மிகுந்த சமூகங்களைத் தேடிச்சென்று வாயைப் பரிசோதிக்கும் திட்டத்தை நடத்திவருகிறது. தோட்டங்கள் இருந்தவரை அவ்வாறு வரும் குழுவுக்கு லயங்களில் ஆள்கள் ஓரிடத்தில் இருந்தார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் கலைந்துபோன பிறகு, வெற்றிலைப் பெட்டியோடு ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டின் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறிவிட்ட முதியவர்களை இனி எந்த முகவரியில் தேடுவது என்பதுதான் சிக்கல். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் மாவட்டப் பல் மருத்துவ அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, திருவிழா நாளில் மண்டபத்தின் ஒரு மூலையை அந்தக் குழுவுக்கு ஒதுக்கித் தந்தால், ஒரு காலைப் பொழுதில் நூறு பேரின் வாயைப் பார்த்துவிடலாம்.